லேப்டாப்பைச் சோதித்த பன்னிரண்டு நாள்

ஒரு லேப்டாப் ஆபீஸ் வேலைக்குத் தேறுமா தேறாதா என்று எழுதித் தரும் பொறுப்பை எங்கள் மேனேஜர் என்னிடம் கொடுத்ததற்கு, எனக்கு லேப்டாப் பற்றித் தெரியும் என்பது காரணமில்லை. எனக்குக் குறை கண்டுபிடிக்கத் தெரியும் என்பதுதான் காரணம். காபியில் தண்ணீர் அதிகம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். கழிவறை ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று மூன்று முறை மெயில் போட்டவளும் நான்தான். ஆபீசில் என்னை யாருக்கும் பெரிதாகப் பிடிக்காது. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது.

ஆபீஸ் தொம்மலூரில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. லாரி சரக்கை இறக்கியதும் வாங்கியவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுக்கும் ரசீது இருக்கிறதே, அதன் படங்கள் எங்களுக்கு வரும். ரசீது எண், ஊர், எடை, கையெழுத்துப் போட்டவர் பெயர் எல்லாவற்றையும் பார்த்து எக்செல் தாளில் அடிக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரசீது. மூளைக்கு வேலையே கிடையாது. கண்ணும் கழுத்தும்தான் பாடுபடும். மறுநாளைக்கான ரசீதுப் படக் கட்டை முதல்நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கே பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் கொட்டாவி விட்டு முடித்துவிடலாம். முந்நூறும் முடிய சாயங்காலம் ஆகிவிடும்.

அந்த வேலையை இரண்டு பேர் செய்தோம். ஒன்று நான். பக்கத்து நாற்காலியில் இருந்தவளை ஆபீசில் தங்கவயல்காரி என்பார்கள்; நானும் இங்கே அப்படியே சொல்கிறேன். கோலார் தங்கவயலில் இருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள். அவளுடைய அப்பாவும் மாமனாரும் சுரங்கத்தில் இறங்கியவர்கள். சுரங்கத்தை மூடியபிறகு அந்த ஊரில் பாதிப்பேர் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வந்து, இருட்டியபின் போய்ச் சேருகிறார்கள். அவளும் அதில் ஒருத்தி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். ஆனாலும் ஆபீசில் நான் சீனியர் என்பதால் என்னை அக்கா என்பாள், நீங்கள் என்பாள். நான் அவளை நீ என்பேன். ஒருநாளும் அதைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். அவள் புருஷனுக்குச் சர்க்கரை வியாதியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து சமைத்து, ஹாட்பாக்ஸில் போட்டு, தண்ணீர் பாட்டிலோடு கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவாள். பக்கத்து வீட்டுக்காரி மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி ஊரில் இல்லாத ஒரு நாள் மனிதர் கட்டிலில் இருந்து விழுந்துவிட்டார். பத்து மணிக்கு விழுந்தவர், இவள் ராத்திரி போய்த் தூக்குகிறவரை தரையிலேயே கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான். ஆபீஸ் லேப்டாப்புக்கு மாற வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது வீட்டில் இருந்து வேலை செய்ய விட வேண்டும்.

எனக்குத் தெரிந்திருந்தது வேறு. லேப்டாப் வந்தால் இந்த வரிசையில் இரண்டு நாற்காலி எதற்கு என்று மேனேஜர் போனில் யாரிடமோ கேட்டது என் காதில் விழுந்திருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. எனக்கும் வேலை தேவைதான். ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு, காலேஜில் படிக்கிற பையன், அரைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற புருஷன். ஆனால் அவளுக்குத் தேவைப்பட்ட அளவுக்கு எனக்குத் தேவையில்லை. இது எனக்கு இப்போது வந்த ஞானம் இல்லை, அப்போதே தெரியும்.

டீலர் ஒரு லேப்டாப்பைச் சோதித்துப் பார்க்கப் பன்னிரண்டு வேலைநாளுக்குக் கொடுத்தான். மேனேஜர் சொன்ன முறை இதுதான்: ஒருத்தர் தினமும் அதில் வேலை செய்ய வேண்டும், வீட்டுக்கும் எடுத்துப்போக வேண்டும், நான் அதைக் கவனித்து அறிக்கை எழுத வேண்டும். யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டார். நான் தங்கவயல்காரி பேரைச் சொன்னேன். அவளுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று இல்லை. பையும் சார்ஜருமாகச் சேர்த்து அந்தச் சனியன் இரண்டரை கிலோ இருந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் அதைத் தூக்கிக்கொண்டு அவள் கோலார் வரைக்கும் போகட்டும், எனக்கென்ன என்றுதான் சொன்னேன்.

மறுநாளே என் மேஜைக்கு ஒரு டப்பா வந்தது. பிதுக்கம்பருப்புக் குழம்பு. மார்கழி மாதம் அவரைக்காய் சீசன். கொட்டையை ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்துச் செய்கிற குழம்பு, அதைச் செய்ய ஒரு பொறுமை வேண்டும்.

"நீங்கதான் என் பேர சொன்னீங்களாமே அக்கா. இப்டி நெனச்சி யாரும் செய்யமாட்டாங்க" என்றாள்.

நான் குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு உப்பு கொஞ்சம் கம்மி என்றேன். அடுத்த தடவை சரியாகப் போடுகிறேன் என்று சிரித்தாள்.

அறிக்கையை நான் ஒழுங்காகவே ஆரம்பித்தேன். குறை சொல்வதில் எனக்கு ஒரு நேர்மை உண்டு. திரையில் பின்னால் இருக்கும் ட்யூப்லைட் தெரிகிறது என்று எழுதினேன். கேமரா கீழே இருந்து பார்ப்பதுபோல் மூக்கின் ஓட்டையைக் காட்டுகிறது. மடியில் வைத்தால் அரைமணியில் தொடை சுடுகிறது. பேட்டரி ஏழு மணி நேரம் என்று டீலர் சொன்னான், ஐந்தேகால்தான் நிற்கிறது. கீபோர்டில் எண்களை அடிக்கத் தனியாக வலப்பக்கம் ஒரு கட்டம் இருக்கிறது. எங்களைப்போல் நாள் முழுக்க எண் அடிக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். ஆன் செய்தால் காபி ஆறுவதற்குள் திறந்துவிடுகிறது. எக்செல்லில் ஆயிரம் வரி இருந்தாலும் திணறவில்லை. வேலைக்கு நல்ல மெஷின். அதில் சந்தேகமில்லை.

கடைசியாக ஒரு தாள். அதைத் தினமும் அவள் நிரப்ப வேண்டும். தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எத்தனை ரசீது, அவள் கையெழுத்து, என் கையெழுத்து. அடியில் 'வேறு குறிப்புகள்' என்று ஆறு புள்ளிக்கோடுகள் விட்டிருந்தார்கள்.

முதல் நாள் முந்நூறும் முடிய மூன்று மணி ஆயிற்று. இரண்டாம் நாள் ஒரு மணி. நாலாம் நாள் பதினொன்றே முக்காலுக்கு முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி, உங்களுடையதில் கொஞ்சம் கொடுங்கள் அக்கா, சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது என்றாள். நான் எழுபது ரசீதைத் தள்ளிவிட்டேன். அடுத்த நாள் நூறு. மெஷின் அவ்வளவு வேகம்போல் இருக்கிறது என்றுதான் முதலில் நானும் நம்பினேன். அவள் தாளில் எழுதியிருந்தது: தொடக்கம் 9.10, முடிவு 11.40. அழகான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை பங்காரப்பேட்டையில் என் புருஷன் வழியில் ஒரு சாவு. அடக்கம் முடிந்து ஞாயிறும் தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை முதல் வண்டியைப் பிடித்தேன். தங்கவயலில் இருந்து வருகிற வண்டி. பெண்கள் பெட்டியில் ஏறியபோது உட்கார இடம் இல்லை, கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி அங்கிருந்தே கிளம்புவதால் தங்கவயல் பெண்களுக்கெல்லாம் இடம் உண்டு. அவர்கள் அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டின் இன்னொரு அறையாக வைத்திருந்தார்கள். ஒருத்தி பூக் கட்டினாள். ஒருத்தி பீன்ஸ் நறுக்கினாள். இரண்டு பேர் ஜெபமாலை உருட்டினார்கள். நாலைந்து பேர் மடியில் தட்டை வைத்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். பெட்டி முழுக்க அந்தப் பச்சை வாசனை.

ஜன்னலோரம் அவள். சாப்பாட்டுப் பையை மடியில் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு டவலை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப். படத்தைப் பார்ப்பதும் அடிப்பதுமாகத் தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. வண்டி ஆடுகிற ஆட்டத்துக்கு இடது கையால் திரையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் எண்களைத் தட்டினாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி அவள் மடியோரம் இருந்த கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ரெண்டு கையும் பொட்டி மேலயே கீது. உன் அவரைய குடு, நானே பிதுக்கறேன்."

அவள் தலையைத் தூக்காமல் சிரித்தாள். வைட்ஃபீல்டு வரையில் பார்த்துக்கொண்டே நின்றேன். சாயங்காலம் போகிறபோதும் இப்படித்தான் செய்வாள் என்று புரிந்துவிட்டது. போகும்போது ஒன்றரை மணி நேரம், வரும்போது ஒன்றரை மணி நேரம். ஐந்து மணிக்குக் கட்டை வாங்கிக்கொண்டு போகிறவள், மறுநாள் ஆபீசில் வருகைப் பதிவு மெஷினில் விரல் வைக்கும்போது பாதிக்குமேல் முடித்திருக்கிறாள்.

அதை ஏன் தாளில் எழுதவில்லை என்பதும் எனக்கு அங்கேயே புரிந்தது. எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. அந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ரயில் நேரம் கணக்கில் சேராத நேரம். அங்கே நறுக்கிய காயை யாரும் சமையல் வேலை என்று சொல்லமாட்டார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்வார்கள். பதினைந்து வருடமாக அவளுக்கு வேலை தொடங்குவது ஆபீஸ் வாசலில் விரல் வைக்கும்போதுதான். அதைத்தான் உண்மையாக எழுதியிருந்தாள்.

பையப்பனஹள்ளியில் லேப்டாப்பை மூடி, டவலில் சுற்றிப் பையில் வைத்து, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள். நான் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வரலாம் என்று கன்டோன்மென்ட் வரைக்கும் போகிறவள். அவள் எழுந்தபோது நான் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் பேச வேண்டியிருக்கும், பேசினால் பார்த்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் அந்த இரண்டு நிமிஷத்திலேயே யோசித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

அதற்குப் பிறகு ஆறு நாள் அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டேன். 9.10, 11.40. 9.05, 11.35. ஒவ்வொரு நாளும் பேனாவைத் திறக்கும்போது ரயில் ஞாபகம் வரும். ஒவ்வொரு நாளும் போட்டேன். மத்தியானங்களில் அவள் என் ரசீதுகளை வாங்கிச் செய்தாள். மீதி நேரத்தில் ஒரு வெள்ளைத் தாளில் மேனேஜருக்குக் கடிதம் எழுதினாள், வீட்டில் இருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு. எழுதியதை என்னிடமே காட்டி இங்கிலீஷ் சரியா என்று கேட்டாள். இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தேன். இந்தத் தாளைக் காட்டியே இவளை எழுந்து போகச் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே, இலக்கணம் திருத்தினேன்.

பன்னிரண்டாம் நாள் மெஷினை டீலரிடம் கொடுப்பதற்குமுன் கீபோர்டில் ஒவ்வொரு பட்டனாகச் சோதித்தேன். எண் கட்டத்தில் மூன்றாம் எண் மட்டும் அழுத்தினால் கொஞ்சம் தாமதித்து எழும்பியது. குறை கிடைத்த சந்தோஷத்தில் ஒரு ஊசியால் ஓரத்தை நெம்பினேன். உள்ளேயிருந்து காய்ந்துபோன அவரைத்தோல் ஒன்று வந்தது. நகத்தளவுகூட இல்லை. அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, பட்டன்கள் எல்லாம் நன்றாக இயங்குகின்றன என்று எழுதினேன்.

அறிக்கையின் முடிவு இப்படி இருந்தது: அன்றாட ஆபீஸ் வேலைக்கு இந்த லேப்டாப் முழுக்கப் போதுமானது. முன்பு ஒரு நாள் பிடித்த வேலை இதில் இரண்டரை மணி நேரத்தில் முடிகிறது. அடியில் ஆறு புள்ளிக்கோடு. வேறு குறிப்புகள். அங்கே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பயணத்தின்போது தினம் மூன்று மணி நேரம் கூடுதலாக வேலை செய்யப்பட்டது. பென்சிலில் எழுதிப் பார்த்தேன், ஒரே வரியில் அடங்கியது. அழித்துவிட்டு 'இல்லை' என்று எழுதினேன்.

மேனேஜருக்கு அறிக்கை மிகவும் பிடித்துவிட்டது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய முதல் உருப்படியான விஷயம் என்றார். இரண்டரையும் இரண்டரையும் ஐந்து, ஒரு ஆளுக்கே மூன்று மணி நேரம் மிச்சம் இருக்குமே என்று அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். பிறகு அவளைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், நெற்றி ஓரத்து நரையை வாரி மறைத்திருந்தாள். கடிதம் மடங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தாள். மேனேஜர் அறை கண்ணாடி அறை, பேச்சு கேட்காது, ஆனால் எல்லாம் தெரியும். அவள் கவரை நீட்டினாள். அவர் வாங்கிப் படித்தார். நிதானமாக, மரியாதையாகப் படித்தார். திரும்பக் கவருக்குள் போட்டு அவள் பக்கம் தள்ளினார். பிறகு என் அறிக்கையை எடுத்து, கடைசித் தாளில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டினார். அவள் முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலையை நன்றாகச் செய்தாய் என்று பாராட்டுகிறார் என்று நினைத்திருப்பாள். அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போக நேரம் பிடித்தது.

வெளியே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. மாதக் கடைசியோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள், நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மரியாதையாக இருக்கும் என்றும் சொன்னார்கள் என்றாள். தான் ரயிலிலும் வேலை செய்ததை மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தாளைக் காட்டி, "இது உங்க சைன்தானே மேடம், ஹௌதா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றிருக்கிறாள். ரயிலில் செய்தது எங்கே எழுதியிருக்கிறது, யாராவது பார்த்தார்களா, பார்த்தவர்கள் வந்து சொன்னால் யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

பிறகு அவள் குனிந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், என்னை யாருக்கும் முன்னால் சங்கடப்படுத்தக் கூடாது என்பதுபோல்.

"அக்கா, அன்னிக்கு பங்காரப்பேட்டையில ஏறுனீங்களே. கதவாண்ட நின்னுட்டு இருந்தீங்க, கறுப்பு பார்டர் பொடவ. சாவு வீட்டுலேர்ந்து வராங்க, பேச வேணாம்னு நான் கூப்பிடல. நான் அடிக்கிறத பாத்தீங்க இல்ல? நீங்க பாத்துட்டீங்க, எங்க எழுதணுமோ அங்க எழுதிடுவீங்கன்னு இருந்துட்டேன். சார்கிட்ட ஒரு வார்த்த வந்து சொல்லுங்கக்கா."

அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் ஒரு நல்ல காரணத்தை அவளே கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இவ்வளவு நல்லவளாக இருந்துகொண்டு என்னை எதற்கு இப்படி நிறுத்துகிறாள்? மேனேஜர் அறை எட்டடி தூரம். எழுந்து போக வேண்டும், ஆமாம் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். போனால் இரண்டு நாற்காலியும் இருக்கலாம், அல்லது என் நாற்காலி போகலாம்.

"நானா?" என்றேன். "நான் அன்னைக்கு பஸ்லதானே வந்தேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன், கண்ணை எடுக்கவில்லை. கண்ணை எடுத்தால் தெரிந்துவிடும் என்று பயம்.

"சரிக்கா" என்றாள். "அப்ப வேற யாரோ."

அவ்வளவுதான். தன் நாற்காலியில் உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி, அன்றைக்கு மீதியிருந்த ரசீதுகளை முடித்தாள். மாதக் கடைசி வரைக்கும் தினம் முந்நூறு முடித்தாள். என்னோடு பேசவும் செய்தாள், மழை வருமா, பையனுக்குப் பரீட்சை எப்போது என்று. அக்கா என்று மட்டும் கூப்பிடவில்லை. கடைசி நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள், என்னிடமும்தான். அந்தக் குழம்பு டப்பாவை நான் திருப்பிக் கொடுத்திருக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

இப்போது வைட்ஃபீல்டு பக்கம் ஒரு துணி பேக்கிங் கம்பெனியில் இருக்கிறாளாம். எங்கள் ஆபீசுக்கு டீ கொண்டுவருகிறவரின் மச்சினி அதே வண்டியில் வருகிறவள், அவர் சொன்னார். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. வீட்டில் அந்த மனிதர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறார். நடுவில் இன்னொரு முறை விழுந்தார் என்றும் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

லேப்டாப் வந்தது. ஒன்றுதான் வாங்கினார்கள், என் பேருக்கு. அறுநூறு ரசீதும் என் பேருக்கு வந்தது. முதல் வாரமே தெரிந்துபோயிற்று. தெரிந்ததுதான், கைக்குத் தெரிந்தது அப்போதுதான். ஆபீசில் எட்டு மணி நேரம் தலை நிமிராமல் அடித்தாலும் நானூறைத் தாண்ட முடியவில்லை. அவள் விரல் எனக்கில்லை. என் பங்கில் நூறு ரசீதை மத்தியானத்தில் வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை. மேனேஜர் ஒருநாள் வந்து, ஐந்து மணி நேர வேலைதானே மேடம், ஏன் இழுக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்டார். என் அறிக்கையைத்தான் என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து விடியற்காலை நாலரைக்கு எழுந்துகொள்கிறேன். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து எட்டு மணி வரை அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் கொஞ்சம். வலது தோள் இறங்கிவிட்டது, கழுத்துக்குப் பட்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு வேலை வீட்டில் செய்கிறாயே, ஆபீசில் சொல்ல வேண்டியதுதானே என்று என் புருஷன் கேட்கிறார். சொன்னால், முன்னே அவள் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். அன்றைக்கு நான் எந்த வண்டியில் வந்தேன் என்ற கேள்வியும் வரும். அதனால் ஆபீசில் எல்லோருக்கும் சும்மா இருக்கும்போது கொஞ்சம் பார்ப்பேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. மெஷின் எப்படி உழைக்கிறது என்று மாதாமாதம் பார்க்க வேண்டுமாம், தினமும் நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை எட்டு மணிக்குள் நூற்றுத்தொண்ணூறு முடித்தேன். பஸ்ஸில் வந்து, விரல் வைத்து, உட்கார்ந்து தாளை எடுத்தேன். வேலை தொடங்கிய நேரம்: 9.10. அவள் கையெழுத்து இருந்த கட்டத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். வேறு குறிப்புகள்: இல்லை.